ஆவணியில் ஆருக்குப் புயல்?

அந்தப் புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பெயர்தான், யாரோ வெள்ளைக்காரப் பெண்பிள்ளையின் பெயர். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. என் கணவர் அதை "உது" என்றார். "உது இப்ப எங்கை நிக்குது?" என்று சம்பந்தி அம்மா தொலைபேசியில் கேட்பார். "உது நாளைக்குத் தெற்காலை போயிடும்" என்று இவர் பதில் சொல்வார். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை இடிக்கிறது.

மகள் கடற்கரையில்தான் கல்யாணம் செய்வேன் என்று சொன்னபோதே பாதி எரிச்சல் தொடங்கிவிட்டது. ரொறன்ரோவில், நாங்கள் இருக்கும் ஸ்கார்பரோவில் இல்லாத மண்டபமா? ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கு ஆரெண்டே தெரியாத அறுநூறு பேருக்கு நான் ஏனம்மா மேடையில நிண்டு சிரிக்கோணும்?" நானும் என் கல்யாணத்தில் சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தவள்தான். கரீபியன் தீவு ஒன்றில் கடலோர ஹோட்டல், இரண்டு வீட்டிலுமாக நாற்பது பேர், ஐயரையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. மாப்பிள்ளைக்கும் அதே விருப்பம். நல்ல பொடியன், அமைதியானவர், மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை. என் மகளோடு வாக்குவாதம் செய்து தோற்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.

கடற்கரையைப் பிள்ளைகள் தெரிந்தெடுத்தார்கள். நாளைப் பெரியவர்கள் பார்த்தார்கள். அங்கேதான் வினை. ஆடியில் கல்யாணம் செய்ய மாட்டோம், புரட்டாதியிலும் செய்ய மாட்டோம். மகளுக்கு விடுமுறை கிடைக்கும் காலத்தில் மிச்சம் இருந்தது ஆவணி. ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். மகள் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, அந்தக் கிழமையில் எத்தனை அறை வேண்டுமானாலும் இருக்கிறது என்றார்களாம். ஹோட்டல் வரவேற்புப் பெண் "அந்தக் கிழமைதான் வேண்டுமா?" என்று இரண்டு தரம் கேட்டதாகவும் மகள் சொன்னாள். சம்பந்தி அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தீங்களே தங்கச்சி, எங்களுக்கெண்டே இடத்தை வைச்சிருக்கிறார் பிள்ளையார்" என்றார்.

மகளுக்குத்தான் சந்தேகம். "அப்பா, அது ஹரிக்கேன் சீசன் இல்லையோ?" என்று கேட்டாள்.

இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சிரித்தார். "ஆவணியில ஆருக்குப் புயல்? புயலெண்டால் கார்த்திகை, மார்கழி."

நாங்கள் பிறந்த ஊரில் அது சரிதான். வங்காள விரிகுடாவின் கணக்கு அது. அத்திலாந்திக் சமுத்திரம் யாருடைய பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது என்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் யோசிக்கவில்லை. பல் வைத்தியரின் அலுவலக வரவேற்பில் வேலை செய்கிறவள் நான். எங்கள் வைத்தியர் அந்த மாதத்தில் புளோரிடாவுக்குக்கூடப் போகமாட்டார். அதைச் சொன்னேன். "வெள்ளைக்காரருக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று இவர் முடித்துவிட்டார்.

பிறகு பொன்னுருக்கு. கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு கிழமை இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்கான பொன்னை உருக்குவோம். அதற்குப் பிறகு மணவறையில் உட்காரும் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. ரெக்ஸ்டேலில் அவர்கள் வீட்டில் பொன்னுருக்கு நடந்தது, நெருப்பு அலாரம் இரண்டு தரம் கத்தியதைத் தவிர எல்லாம் முறையாக நடந்தது. அன்றிலிருந்து சம்பந்தி அம்மா காவல். தொலைபேசியில் கதைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். குரல் கேட்கலாம், முகம் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. வீடியோ அழைப்புக்குத் தடை. எந்தச் சாஸ்திரத்தில் வீடியோ அழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தீர்ப்போடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரே விமானத்தில் போனால் முகம் பார்க்காமல் எப்படி என்ற கேள்வி எழும்பியது. "நான் பின்னுக்கு இருக்கிறன், அவர் முன்னுக்கு இருக்கட்டும், சிம்பிள்" என்றாள் மகள். கேட்டால்தானே? மாப்பிள்ளை இரண்டு நண்பர்களோடு புதன்கிழமையே போவது, மற்ற எல்லோரும் வெள்ளிக்கிழமை போவது என்று ஏற்பாடாகியது. சம்பந்தி அம்மா மகனோடு போகவில்லை. வியாழக்கிழமை பலகாரம் சுட வேண்டும், அதைத் தன் கையாலேயே கட்டிக் கொண்டுபோக வேண்டும். தாலி மட்டும் மாப்பிள்ளையோடு முன்னால் போனது. "பெட்டியைக் கையை விட்டு இறக்காதை, தம்பி" என்று விமான நிலைய வாசலில் அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

இதற்கிடையில் "உது" பிறந்திருந்தது. பொன்னுருக்கிய கிழமையில் ஆபிரிக்காக் கரையிலிருந்து ஒரு மேகக்கூட்டம் கடலுக்குள் இறங்கியதாம். இவர் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செய்வதற்கு வேறு வேலை இல்லாத மனிதரின் கையில் புயல் வரைபடம் கிடைத்தால் என்ன நடக்கும்? காலையில் பல் தீட்டும் முன்பே ஐபாட்டைத் தூக்கிவிடுவார். "இஞ்சாரும், உதுக்கு இன்னும் சுழி பிடிக்கேல்லை." மத்தியானம் நான் வேலையில் இருக்கும்போது செய்தி வரும்: சுழி பிடித்துவிட்டது. மாலையில் சாப்பிடும்போது: பெயர் வைத்துவிட்டார்கள். சொந்த மகள் பிறந்தபோது கூட இவர் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வரைபடத்தில் அந்தப் புயலின் பாதையை ஒரு வெள்ளைப் புனல் மாதிரிக் கீறியிருப்பார்கள். புனலுக்குள் எங்கும் போகலாம் என்று அர்த்தம். புதன்கிழமை மாப்பிள்ளை ஏறும்போது அந்தப் புனல் தீவுக்குத் தெற்கே இருந்தது. இவர் அதை ஒவ்வொருவருக்கும் காட்டி, கூட்டல் கழித்தல் எல்லாம் செய்து, தெற்கால் போய்விடும் என்று உறுதி சொன்னார். அன்று இரவு புனல் அசைந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது தீவு நட்டநடுவே இருந்தது.

எங்கள் வீட்டுக் குசினியில் வியாழக்கிழமை பலகாரச் சூடு. சம்பந்தி அம்மா அடுப்படியில் நின்று அரியதரம் சுடுகிறார். நான் பயத்தம் பணியாரத்துக்கு மாவைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். மகள் ஒரு மூலையில் தொலைபேசியோடு. அப்போதுதான் மாப்பிள்ளை தீவிலிருந்து எடுத்தார். மகள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, ஹோட்டல்காரர் சொல்லுகினம், இண்டைக்குப் பின்னேரம் ரொறன்ரோவுக்கு ஒரு பிளேன் இருக்காம். இடமும் இருக்காம். போக விருப்பமான ஆக்கள் போங்கோ எண்டு சொல்லுகினம். நான் என்ன செய்ய?"

"வாங்கோ" என்றேன் நான். மாக்கையோடு, யோசிக்காமல், அந்த வினாடியே. "ஏறி வாங்கோ தம்பி. கலியாணத்தை இஞ்சை வைப்பம்."

"கம் பேக்" என்றாள் மகளும்.

சம்பந்தி அம்மா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன கதை கதைக்கிறியள்? தாலியோட வெளிக்கிட்டவன் பாதி வழியில திரும்பி வாறதோ? ஆர் செய்தவை உப்பிடி?"

இவர் ஐபாட்டோடு உள்ளே வந்தார். அது புயலில் சின்னப் புயல், ஹரிக்கேன் கூட ஆகவில்லை, வெறும் ட்ரொப்பிக்கல் ஸ்டோர்ம், வெள்ளிக்கிழமை இரவோடு கடந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வெயில் எறிக்கும் என்று தொலைபேசிக்குள் விரிவுரை செய்தார். "நீர் பயப்படாதேயும் தம்பி. நாங்கள் நாளைக்கு வந்திடுவம்."

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" என்றார் மாப்பிள்ளை. தன் தாயைத்தான் கேட்டார்.

"நில்லப்பன்" என்றார் சம்பந்தி அம்மா. "சாமி பாத்துக்கொள்ளும்."

மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டார். நான் பிசைந்த மாவைப் பிசைந்தபடி நின்றேன். மகள் எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அரியதரம் நல்ல பதமாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் விமான நிலையத்துக்கே போகவில்லை. காலையிலேயே விமானத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். அடுத்த விமானமும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. கட்டிவைத்த பெட்டிகள் எல்லாம் வாசலில் வரிசையாக நின்றன. கூறைச்சேலைப் பெட்டி, ஐயரின் சாமான் பெட்டி, பலகாரம் நிறைந்த மூன்று பெட்டிகள். அவற்றைத் தாண்டித் தாண்டியே எல்லோரும் நடந்தோம், ஒருவருக்கும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. இவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, "உது ஏன் நிக்குது? ஏன் நகருதில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

அதுதான் விஷயம் என்று பிறகு விளங்கியது. வேகமாக அடிக்கிற புயல் ஒரு இரவில் போய்விடும். இது பலமில்லாத புயல், ஆனால் நடக்க மறுத்த புயல். தீவின் மேல் உட்கார்ந்துகொண்டு கடல் தண்ணீரை அள்ளி அள்ளி மலையில் ஊற்றியது. தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பாலம் ஆற்றோடு போவதைக் காட்டினார்கள். அதற்குள் செய்தி பேஸ்போல் ஆட்டத்துக்குத் தாவிவிட்டது. "வெறும் ட்ரொப்பிக்கல் ஸ்டோர்ம்" என்று அறிவிப்பாளரும் சொன்னார். அந்த "வெறும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் தொலைபேசி வேலை செய்யவில்லை. நண்பர்கள் இரண்டு பேரினதும் இல்லை. ஹோட்டலுக்கு எடுத்தால் மணி அடிக்கும் சத்தம்கூட வரவில்லை. மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஒரே இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன், ஆறியது. மறுபடி வைத்தேன், அதுவும் ஆறியது. இவர் வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் மனிதர் தெரியாது என்று நான் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு அவர் ஐபாட்டை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம்.

எங்கள் பகுதியான மில்லிக்கனில் செய்தி பரவுவதற்குப் புயல் தேவையில்லை. சனிக்கிழமை முழுக்க வாசல் மணி. ஒவ்வொருவரும் வந்து கதிரையில் இருந்து, "பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, தாங்கள் கேள்விப்பட்ட பயங்கரங்களை எல்லாம் சொன்னார்கள். ஒரு அன்ரி, கடற்கரைக் கல்யாணம் என்று கேட்டபோதே தனக்கு மனம் சரியில்லை என்றார். இன்னொருவர் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்து, பலகாரம் பழுதாகிவிடுமே என்று கவலைப்பட்டார். எடுத்துச் சாப்பிடுங்கோ என்று பெட்டியைத் திறந்து கொடுத்தேன். சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் காலையில். சம்பந்தி அம்மா விடியவே ரெக்ஸ்டேலிலிருந்து வந்துவிட்டார், கையில் குத்துவிளக்கு, எண்ணெய், பூ. முகூர்த்த நேரத்துக்கு விளக்காவது ஏற்ற வேண்டும் என்றார். மகள் குளித்துவிட்டு வந்து விளக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், நேரம் தப்பக் கூடாது, ராகுகாலம் பின்னேரம்தான், அதனால் பயமில்லை. இவ்வளவையும் அவர் மூச்சு விடாமல் சொன்னார். மகள் அதே உடுப்போடு, சீப்பால் தலை இழுக்காமல், அதே கதிரையில் இருந்தாள்.

"மாமி" என்றாள். "அவர் உயிரோட இருக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியாது. சீரியஸ்லி, நீங்கள் நேரம் பாக்கிறீங்கள்."

அவள் குரலை உயர்த்தவில்லை. சம்பந்தி அம்மாவின் கையில் திரி இருந்தது. அவர் அந்தத் திரியை விரலில் முறுக்கிக்கொண்டே நின்றார். விளக்கை ஏற்றவுமில்லை, எடுத்துக்கொண்டு போகவுமில்லை. முகூர்த்த நேரம் வந்தது, போனது. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டை அன்றைக்கு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் பார்த்தோம்.

தொலைபேசி வந்தது பொழுது சாயும் நேரத்தில். தெரியாத இலக்கம். மகள் எடுத்தாள், "ஹலோ" என்றாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கை தானாகவே ஒலிபெருக்கியை அழுத்தியது.

"நான் ஓக்கே. நாங்கள் மூண்டு பேரும் ஓக்கே." கரகரவென்று, தூரத்தில், மாப்பிள்ளையின் குரல். காவலாளி ஒருவரின் தொலைபேசி, கனநேரம் கதைக்க முடியாது என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னோம். அத்தனை குரலுக்கும் மேலாகச் சம்பந்தி அம்மாவின் குரல் கேட்டது: "தம்பி, தாலி எங்கை?"

நான் கடவுளைக் கும்பிடுகிறவள்தான். விரதம் பிடிக்கிறவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத்தில் வைக்க முடியாது.

"கழுத்தில போட்டிருக்கிறன் அம்மா" என்றார் மாப்பிள்ளை.

சாப்பாட்டு மண்டபத்தின் கூரை போய்விட்டது, கீழ் அறைகளுக்குள் தண்ணீர், இரண்டு இரவும் எல்லோரும் சலவை அறையில் நின்றபடியும் இருந்தபடியும் கழித்தோம் என்று சொன்னார். தாலிப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தாராம். பெட்டி நனைந்து கிழிந்தது. சலவை செய்கிற பெண் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கையில் இருப்பது ஓடவேண்டி வந்தால் விழும், கழுத்தில் போடு என்று சைகையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொன்னாராம். போட்டுக்கொண்டாராம். அதற்குள் இணைப்பு அறுந்தது. மகள் தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். இவர் குளியலறைக்குப் போய்விட்டார், தண்ணீர் ஓடுகிற சத்தம் கனநேரம் கேட்டது.

ஆள் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த மறுநாள் காலையிலேயே தாலிப் பிரச்சினை தொடங்கியது. ஆண்பிள்ளை தாலி போட்டுவிட்டார். இது சரியா பிழையா? சரியில்லை என்றால் என்ன பரிகாரம்? திரும்ப உருக்க வேண்டுமா? உருக்குவதென்றால் திரும்பவும் பொன்னுருக்கு, திரும்பவும் நாள், ஆவணியில் இனி நாள் இல்லை, புரட்டாதி கூடாது, ஐப்பசிதான். அதுவரை பிள்ளைகள் முகம் பார்க்கலாமா? சம்பந்தி அம்மா ஒரு பக்கம், அவருடைய தமக்கை ஒரு பக்கம், இலண்டனிலிருந்து யாரோ ஒரு மாமா ஒரு பக்கம், எல்லோரும் என் தொலைபேசிக்குத்தான் எடுத்தார்கள். வேலையில் ஒருவர் வலியோடு பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் மேசைக்குக் கீழே குனிந்து, "ஓம் அக்கா, பேந்து எடுக்கிறன் அக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐயருக்கு எடுத்தோம். அவர் நானூற்று ஒன்று நெடுஞ்சாலையில் ஒரு சடங்கிலிருந்து இன்னொரு சடங்குக்கு ஓடிக்கொண்டிருந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "பரிகாரம் இருக்கு, செய்யலாம்" என்றார். என்ன பரிகாரம் என்று கேட்டால், "உங்கட திருப்திக்கு எதுவும் செய்யலாம்" என்றார். செய்யாவிட்டால் என்ன என்று கேட்டேன். "செய்யாட்டிலும் பிழையில்லை" என்றார். பிறகு அவர் இறங்க வேண்டிய வழி வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

இவ்வளவும் நடக்கும்போது "உது" தீவை விட்டுப் புறப்பட்டு வடக்கே வந்துகொண்டிருந்தது. அமெரிக்காக் கரையோரம் தேய்ந்து, பெயரையும் இழந்து, வெறும் மழைக்கூட்டமாகி, இந்தப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளைக்குத் திரும்பி வர விமானம் கிடைத்த புதன்கிழமையிலேயே அதுவும் வந்து சேர்ந்தது. எந்தப் புயலால் நாங்கள் ரொறன்ரோவில் நிற்க வேண்டி வந்ததோ, அது எங்கள் கூரைக்கு மேல் வந்து நின்றது. காலையிலிருந்து அடைமழை. பக்கத்து வீட்டுக்காரர் நிலவறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றினார். இவர் சன்னலடியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டு, "பாத்தீரே, உது எங்களைத் தேடி வந்திட்டுது" என்றார். தெற்கால் போகும் என்று சொன்ன மனிதர்!

"நான் எயார்போர்ட்டுக்கு வாறன்" என்றாள் மகள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கார்ச் சாவியை எடுத்தேன். வழி முழுக்க மழைத் துடைப்பான் போதவில்லை, ஒரு இடத்தில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்று எல்லோரையும் திருப்பிவிட்டார்கள். நான் எல்லாக் காரையும் திட்டினேன். மகள் முன்னுக்கு இருந்தாள், இவர் பின்னுக்கு.

வருகைக் கூடத்தில் சம்பந்தி அம்மா எங்களுக்கு முன்னரே வந்து நின்றார். மகளைக் கண்டதும் அவருக்கு முகம் மாறியது. தன் தோளில் கிடந்த சால்வையை இழுத்து மறைப்பாக விரித்தார். "பிள்ளை, அந்தத் தூணுக்குப் பின்னால நில்லுங்கோ. தங்கச்சி, சொல்லுங்கோ அவவுக்கு. பொன்னுருக்கிப்போட்டு…"

"அக்கா, காணும், போதும்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல, இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு திறந்து திறந்து மூடியது. வெயிலில் கருகிய சுற்றுலாக்காரர், அழுகிற குழந்தை, ஈரமான பெட்டிகள். பிறகு மாப்பிள்ளை வந்தார், நண்பர்கள் பின்னால். ஹோட்டல் வேலைக்காரர் போடுகிற பச்சைச் சட்டை ஒன்று, அவருக்குப் பெரிது. கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக் கழுத்துக்குள்ளே தாலிக்கொடி தெரிந்தது. மகள் தூணுக்குப் பின்னால் போகவில்லை. நேரே நடந்து போய் அவருக்கு முன்னால் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள், தொடவில்லை.

"கழட்டித் தா தம்பி" என்றார் சம்பந்தி அம்மா, கையை நீட்டிக்கொண்டு. "நான் வைச்சிருக்கிறன். ஐப்பசிக்கு…"

மாப்பிள்ளை கழற்றவில்லை. "அம்மா, இதைக் கழுத்தில போடச் சொன்ன அன்ரி இருக்கிறாவெல்லே" என்றார். "அவவின்ர புருஷன் வெள்ளிக்கிழமை ஆத்தங்கரையில இருந்த தாயைக் கூட்டிவரப் போனவர். இன்னும் காணேல்லை. இண்டைக்குக் காலமையும் அவ எங்களுக்குச் சாப்பாடு தந்து, பஸ்ஸில ஏத்திவிட்டுட்டுத்தான் தேடப் போனவ."

சம்பந்தி அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அந்தப் பெண் எந்த நேரத்தைப் பார்த்திருப்பார், எந்தச் சாமியைக் கேட்டிருப்பார் என்று எனக்குள் ஓடியது. அவரும் ஒருவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பிள்ளை எங்கள் வாசலால் வந்துவிட்டது.

மகள் தலையைக் குனிந்தாள். கூந்தலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளை தன் தாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டுங்கோ" என்றேன்.

அவர் கொடியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். பூட்டைப் பூட்டப் பார்த்தார். ஒரு தரம், இரண்டு தரம் நழுவியது. சம்பந்தி அம்மா சால்வையைக் கீழே விட்டுவிட்டு முன்னால் வந்தார். "விடப்பன், உனக்குத் தெரியாது" என்று மகனின் கையை விலக்கினார். ஆனால் அவருக்கும் பூட்டு அகப்படவில்லை.

"நான்தான் நில்லெண்டு சொன்னனான்" என்றார், என்னைப் பார்க்காமல், பூட்டைப் பார்த்துக்கொண்டு. "அவன் கேட்டவன். நான்தான் நில்லெண்டு சொன்னனான்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. இப்போதும் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் கொடியின் மற்ற நுனியை நான் பிடித்துக்கொண்டேன், அவர் பூட்டினார்.